நேரில் ஒரு சாண், படத்தில் ஒரு விரற்கடை

ஃப்ளோரா குரூப் போட்டோ எடுக்கும்போது கவனித்திருக்கிறீர்களா? கவனித்திருக்க மாட்டீர்கள். நீங்கள் முடியைச் சரிசெய்துகொண்டும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டும் இருந்திருப்பீர்கள். அந்த நேரத்தில் அவள் நாற்காலிமேல் ஏறி நின்று, ராயபுரம் கல்மண்டபம் ஏரியா முழுக்கக் கேட்கிற குரலில், உங்கள் குடும்பத்தில் யார் நிலைப்பார்கள், யார் நிலைக்க மாட்டார்கள் என்று முடிவு செய்துகொண்டிருப்பாள்.

நிச்சயம் மட்டும் ஆன மாப்பிள்ளை, துபாயிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட சிநேகிதன், சொத்துத் தகராறில் இருக்கிற பெரியப்பா, இவர்களையெல்லாம் அவள் நைசாக ஓரத்துக்குத் தள்ளிவிடுவாள். "மாமு, நீ அப்டியே லெஃப்ட்ல போ. இன்னும் போ. ஹாங், அங்கியே நில்லு." தள்ளியதோடு விடமாட்டாள். அவருக்கும் குடும்பத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடம் விடுவாள். நேரில் ஒரு சாண் என்றால் பிரிண்டில் ஒரு விரற்கடை. நாளைக்கே அந்த ஆள் வேண்டாதவராகிப் போனால் சுத்தமாக வெட்டியெடுக்க அது போதும்.

இப்போதுதான் கம்ப்யூட்டர் இருக்கிறதே, யாரை வேண்டுமானாலும் தூக்கிவிடலாமே என்பீர்கள். தூக்கலாம்தான். ஆனால் நடுவில் நிற்கிறவரைத் தூக்கினால் அவர் கை மட்டும் மச்சினன் தோளில் தொங்கிக்கொண்டிருக்கும். அதைத் துடைக்கப் போனால் மச்சினனுக்குத் தோள் இருக்காது. ஓரத்தில் நிற்கிறவரிடம் இந்தத் தொல்லையே கிடையாது. பனைமரத்தொட்டியில் ஒரு வீட்டுப் பெண்ணுக்கு நிச்சயம் முறிந்து, ஆறு மாதத்தில் வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. பழைய ஆல்பத்தில் ஒரு படம்கூட வீணாகவில்லை. பெண்ணின் அம்மா ஃப்ளோராவுக்கு ஒரு கூடை வஞ்சிரம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

அதிலிருந்து ஏரியாவில் அது ஒரு கிண்டலாகவே ஆகிவிட்டது. யாராவது யாரிடமாவது முறைத்துக்கொண்டால், "இன்னா நைனா, ஃப்ளோரா உன்ன ஓரத்துல நிக்க வச்சிட்டாளா?" என்று கேட்பார்கள்.

ஃப்ளோராவுக்கு வயது நாற்பத்தைந்து. அப்பா ரயில்வேயில் இருந்தவர். பத்தொன்பது வயதில் கல்மண்டபத்து ஸ்டுடியோ ஒன்றில் டச்சப் வேலைக்குச் சேர்ந்தாள். போட்டோகிராபருக்கு அம்மை போட்டிருந்த ஒரு நாள், ஞானஸ்நான விசேஷத்துக்கு வேறு ஆள் இல்லாமல் கேமராவை இவள் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அந்தக் கேமராவை அவள் இன்னும் கீழே வைக்கவில்லை. இப்போது ஸ்டுடியோ அவளுடையது. கல்யாணம், மஞ்சள் நீர், புதுநன்மை, புது விசைப்படகுக்கு மந்திரிப்பு என்று வாரத்துக்கு நாலு நாள் நாற்காலிமேல்தான் நிற்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "நான் பாக்காத கல்யாணமா?" என்பாள்.

இனி ராமசெல்வி. திருநெல்வேலிப் பக்கத்து வியாபாரக் குடும்பம். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் சித்தப்பாவின் கடைக்கு ஒத்தாசையாக வந்தவள். இன்று கடையே அவள் கையில். கம்பியைக் கண்ணால் பார்த்தே எத்தனை எம்எம் என்று சொல்லிவிடுவாள். லாரிக்காரர்கள் அவள் முன்னால் பீடியை அணைத்துவிட்டுத்தான் பேசுவார்கள்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்காக அவள் ஸ்டுடியோவுக்கு வந்தாள். சிரிக்கக் கூடாது என்றாள் ஃப்ளோரா. அதைக் கேட்டதும் செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினோரு தடவை எடுத்தும் ஒன்றும் தேறவில்லை. "நாளைக்கு வாம்மே, இன்னிக்கு உனக்கு மூஞ்சி சரியில்ல" என்று அனுப்பினாள். மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். அடுத்த மாதமே ஃப்ளோரா வீட்டு மாடியறைக்கு வாடகைக்குக் குடிவந்தாள். அந்த மாடியறையில் இப்போது லைட் ஸ்டாண்டுகளும் கிறிஸ்துமஸ் ஸ்டாரும்தான் குடியிருக்கின்றன. செல்வி கீழேதான் இருக்கிறாள்.

தெருவுக்குத் தெரியாதா? தெரியும். தெரியாத மாதிரி நடந்துகொள்வதில் ராயபுரம் கெட்டி. "ஃப்ளோரா வூட்டு செல்வி" என்பார்கள். அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவும் மாட்டார்கள், இவர்கள் சொல்லவும் மாட்டார்கள். காலம் ஓடிக்கொண்டிருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் வந்து சேர்ந்தாள் ஹெப்சிபா.

பக்கத்துக் காலேஜில் பி.காம். படித்துக்கொண்டிருந்த திருநங்கை. முதல் வருஷம் ஐடி கார்டு போட்டோவுக்கு வந்தவள், பையில் ஒரு துப்பட்டாவைச் சுருட்டி வைத்துக்கொண்டு, "அக்கா, இத்த போட்டுக்கினு ஒண்ணு எடுக்கலாமா? காலேஜுக்கு இல்ல, எனக்கு" என்று கேட்டாள். ஃப்ளோரா சீப்பை எடுத்துக் கொடுத்தாள். லைட்டை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினாள். படம் வந்ததும் ஹெப்சிபா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, "இது நான்தான்" என்று அழுதாள். ஃப்ளோராவுக்கும் அழுகை வந்தது. அதை மறைக்க அடுத்த கஸ்டமரை வெறுமனே நாலு கத்து கத்தினாள்.

அதற்கப்புறம் ஹெப்சிபாவின் சிநேகிதக் கூட்டம் ஒவ்வொன்றாக வந்தது. முதல் முதலாக ஷேவ் செய்துகொள்கிற படம் வேண்டும் என்று முகம் பூரா நுரையோடு குந்திய திருநம்பி ஒருவன். அம்மாவின் பட்டுப்புடவையில் ஒன்று, கிரிக்கெட் ஜெர்சியில் ஒன்று, "ரெண்டுமே நான்தான்க்கா" என்ற ஜெபின். காசிமேட்டில் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் கைகோத்து நின்ற இரண்டு பெண்கள். அந்தப் படத்தில் பின்னால் ஒரு மீன்காரம்மா இவர்களைவிட அழகாகப் போஸ் கொடுத்துக்கொண்டிருக்கிறார். எண்ணூர், திருவொற்றியூர் என்று எங்கெங்கிருந்தோ வந்தார்கள். மூன்று வருஷத்தில் இருபத்திரண்டு நல்ல படங்கள் சேர்ந்துவிட்டன.

போன ஏப்ரலில் ஹெப்சிபா ஒரு திட்டத்தோடு வந்தாள். ஜூன் மாதம் கல்மண்டபத்தில் ஒரு மாடி ஹாலைப் பிடித்து, இந்தப் படங்களையெல்லாம் மாட்டிக் கண்காட்சி வைக்கப் போகிறார்கள். ஃப்ளோராவுக்கு வாயெல்லாம் பல். எந்தப் படம் எந்தச் சுவரில் என்று அப்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"ஒரு போட்டோ கொறையுதுக்கா" என்றாள் ஹெப்சிபா.

"இன்னாது?"

"எல்லாமே இருவது வயசு மூஞ்சி. நாப்பது, நாப்பத்தஞ்சுல நாங்க எப்டி இருப்போம்? வேலைக்குப் போயி, மளிகை வாங்கி, சண்ட போட்டுக்கினு. அந்த மாதிரி ஒண்ணு கூட இல்ல. எங்கள்ல பாதிப் பேரு அந்த வயசு வரைக்கும் உயிரோட இருப்போமான்னே நெனச்சிக்கினு கீறோம். யாராச்சும் இருந்து காட்டிக்கீறாங்கன்னு தெரியணும்." கொஞ்சம் நிறுத்தி, "நீயும் செல்விக்காவும்" என்று முடித்தாள்.

ஃப்ளோரா எழுந்து கதவைக் காட்டினாள். "போடி பேஜாரு புடிச்சவளே, எனக்கு தம்பி குடும்பம் கீது, கோயில் கீது" என்று விரட்டினாள். ஹெப்சிபா நகரவில்லை. கடைசியில் பேரம் படிந்தது. புதிதாக எடுக்க வேண்டாம். ஏதாவது பழைய குடும்பப் படத்தில் இரண்டு பேரும் இருந்தால் அதை மாட்டிக்கொள்ளலாம். தெரிந்தவர்களுக்குத் தெரியட்டும்.

கம்ப்யூட்டரைத் திறந்தார்கள். தம்பி ஜேக்கப்பின் கல்யாணம், அவன் மகள் ரூத்தின் ஞானஸ்நானம், கிறிஸ்துமஸ், அப்பாவின் அறுபதாம் பிறந்தநாள். டைமர் போட்டுவிட்டு ஃப்ளோரா ஓடிவந்து நின்றுகொண்ட படங்கள் ஏகமாக இருந்தன. ஹெப்சிபா ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தாள். திடீரென்று விரல் நின்றது.

"அக்கா, இன்னாக்கா இது? செல்விக்கா எல்லாத்துலயும் ஓரமா கீது."

ஃப்ளோரா திரையைப் பார்த்தாள். ஜேக்கப் கல்யாணத்தில் வலது ஓரம். ஞானஸ்நானத்தில் இடது ஓரம். கிறிஸ்துமஸில் ஓரம். ஒவ்வொரு படத்திலும் செல்விக்கும் பக்கத்து ஆளுக்கும் நடுவில் ஒரு விரற்கடை. அவளுடைய கைவேலைதான், சந்தேகமே இல்லை. யாரும் சொல்லிச் செய்ததும் இல்லை. என்றைக்காவது குடும்பத்தில் பிரச்சினை வந்தால் என்ற பயம், அவளைக் கேட்காமலே அவள் கைக்குள் போய் உட்கார்ந்து பத்தொன்பது வருஷமாக வேலை பார்த்திருக்கிறது.

பின்னால் பார்சல் கவர் சரசரத்தது. மூன்று பேருக்கும் பர்மா அத்தோ நூடுல்ஸ் வாங்கிக்கொண்டு செல்வி வந்து நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. கவரை மேசைமேல் வைத்தாள்.

"ஊருல உள்ளவனுக்கெல்லாம் நீ இதைச் செய்யுதத நான் பாத்திருக்கேன்ட்டி" என்றாள். "எனக்கும் நீ இதச் செஞ்சிருக்கன்னு இப்பத்தான் பாக்கேன்."

கோபம் வந்தால் அவளுக்குத் திருநெல்வேலி வந்துவிடும். அன்றைக்குக் குரல்கூட உயரவில்லை. அதுதான் ஃப்ளோராவுக்குப் பயமாக இருந்தது.

இரண்டு நாள் வீட்டில் பேச்சே இல்லை. ஃப்ளோரா மன்னிப்புக் கேட்டாள். செல்விக்குப் பிடித்த சுறாப்புட்டு செய்துவைத்தாள். மூன்றாம் நாள் செல்வி இறங்கிவந்தாள். "சரி. அந்தப் பிள்ளை கேட்டதுக்காகப் புதுசாவே ஒண்ணு எடுப்போம்" என்றாள். ஃப்ளோராவுக்குத் தலைகால் புரியவில்லை. நீலத் திரையைத் தொங்கவிட்டாள். கேமராவை ஹெப்சிபா கையில் கொடுத்துவிட்டு செல்வி பக்கத்தில் வந்து நின்றாள். செல்வி பச்சைப் புடவையில் வந்திருந்தாள். பத்தொன்பது வருஷத்துக்கு முந்திய அதே சிரிப்பு எட்டிப்பார்த்தது.

ஹெப்சிபா விரலை வைத்தாள். ஃப்ளோராவின் கண் தானாக ஃபிரேமை அளந்தது. வாய் தானாகத் திறந்தது.

"செல்வி, கொஞ்சம் அப்பால போ."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. ஹெப்சிபா கேமராவுக்குப் பின்னாலிருந்தே தலையில் கைவைத்துக்கொண்டாள். செல்வி ஒரு அடி அப்பால் போனாள். இன்னொரு அடி போனாள். அப்படியே கதவைத் தாண்டி, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சாத்தாங்காட்டுக்குப் போய்விட்டாள். சாயங்காலம் போனில் ஒரு வரி வந்தது. "சித்தப்பா வீட்ல இருக்கேன். ஞாயித்துக்கிழமை ரூத்துக்காக வருவேன்."

பத்தொன்பது வருஷத்தில் செல்வி வீட்டுக்கு வராமல் இருந்தது அதுவே முதல் தடவை. ஃப்ளோரா அந்த நாலு நாளும் ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே தட்டைக் கழுவினாள். ஒரு கல்யாண ரிசப்ஷனில் மாப்பிள்ளையையே ஓரத்தில் நிற்கவைத்துவிட்டு, பெண்ணின் அப்பா வந்து சண்டை போட்ட பிறகுதான் விழித்துக்கொண்டாள். செல்வி திரும்பி வராமலே போய்விடுவாளோ என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ரூத்துக்குப் புதுநன்மை, கோயிலில் முதல் முதலாக நற்கருணை வாங்குகிற நாள். அவள் போட்டிருந்த வெள்ளை கவுன், செல்வி நாலு கடை ஏறி இறங்கி எடுத்தது. பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் குடும்பம் வரிசைகட்டியது. ஹார்பரில் கிரேன் ஓட்டுகிற ஜேக்கப் அன்று கோட்டுப் போட்டுப் புழுங்கிக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி, மாமியார் வீட்டார், எல்லோருக்கும் மேலாக, ஃப்ளோராவின் அம்மாவுக்குத் தங்கையான பிலோமினா சின்னம்மா. அவர் எப்போதும் நடுவில்தான் நிற்பார், யாரும் நிற்கவைக்க வேண்டியதில்லை. வாசலோரமாக ஹெப்சிபாவும் வந்திருந்தாள்.

ஃப்ளோரா நாற்காலிமேல் ஏறிக் கண்ணைக் கேமராவில் வைத்தாள். அப்போதுதான் செல்வி வந்தாள். ரூத்தின் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். யாரும் சொல்லாமல் தானாகவே வலது ஓரத்துக்குப் போனாள். பக்கத்து ஆளைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், அளந்து வைத்த மாதிரி ஒரு சாண் தள்ளி நின்றாள்.

நின்று, கேமராவைப் பார்த்து, "சரியா இருக்கா?" என்றாள்.

ஃப்ளோராவால் அதற்குமேல் பார்க்க முடியவில்லை. நாற்காலியிலிருந்து இறங்கினாள். கேமராவை ஹெப்சிபாவின் கழுத்தில் மாட்டினாள். நேராகப் போய் செல்வியின் கையைப் பிடித்து இழுத்துவந்து ரூத்துக்குப் பின்னால், ஜேக்கப்புக்கும் அவன் பெண்டாட்டிக்கும் நடுவில் நிறுத்தினாள்.

"ஏன்டி ஃப்ளோரா," என்றார் பிலோமினா சின்னம்மா, "இது குடும்ப போட்டோ இல்ல? அவ எப்பவும் போல அந்தாண்ட நிக்கட்டுமே."

"குடும்ப போட்டோதான் சின்னம்மா. அதான் நடுவுல நிக்க வைக்கிறேன்." முற்றம் முழுக்கக் கேட்டது. அவளுக்கு மெதுவாகப் பேச வராது. "இத்தினி வருஷமா இவள நான்தான் ஓரத்துல தள்ளிக்கினு இருந்தேன். யாரும் சொல்லல, நானே தள்ளினேன். பயந்துகினு. ஊர்ல எவன் எவனையோ நடுவுல வச்சி போட்டோ புடிச்சேன். என் கூட வாழ்றவள வைக்கல."

வெளியே ரோட்டில் ஒரு கன்டெய்னர் லாரி மட்டும் ஹாரன் அடித்தது. ரூத் அண்ணாந்து பார்த்து, "செல்வி அத்த, என் கவுன மிதிக்காத" என்றாள். ஜேக்கப் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "எங்களுக்குத் தெரியாதா இன்னாக்கா? நீ சொல்லுவ சொல்லுவன்னு பாத்துக்கினு இருந்தோம். ஜல்தியா எடு, வேர்க்குது" என்றான்.

ஃப்ளோரா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். படத்தில் நிற்க இடம் தேடினாள். பழக்கம் எங்கே போகும்? நேராக வலது ஓரத்துக்குப் போய், ஒரு சாண் தள்ளி நின்றாள். செல்வி விட்டு வந்த அதே இடம்.

நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏட்டி, அங்க யாருக்குப் பயந்து நிக்கே? இங்க வா."

ஃப்ளோரா போனாள். நடுவில் ஒரு ஆள் நுழைந்தால் வரிசை நகரத்தானே வேண்டும். எல்லோரும் ஒரு அடி தள்ளினார்கள், இன்னும் கொஞ்சம் தள்ளினார்கள், வலது கோடியில் நின்றவர்கள் இடம் போதாமல் இடது பக்கம் சுற்றிப் போனார்கள். அந்தத் தள்ளலில் பிலோமினா சின்னம்மா வந்து நின்ற இடம் வலது ஓரம். ஃப்ளோராவின் ஓரத்துக்கு என்ன அர்த்தம் என்று ராயபுரத்தில் யாருக்குத்தான் தெரியாது? சின்னம்மா பக்கத்தில் நின்ற சம்பந்தியின் கையை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஹெப்சிபா அந்த நொடியில் கேமராவைத் தட்டினாள்.

அன்று மத்தியானமே செல்வியின் துணிப்பை வீட்டுக்கு வந்துவிட்டது. ஜேக்கப்பிடமும் அவன் பெண்டாட்டியிடமும் கேட்டு, சின்னம்மாவிடமும் கேட்டு, அந்தப் படமே கண்காட்சிக்கு என்று முடிவானது. சின்னம்மா மட்டும், "என் மூஞ்சி நல்லா வந்துகீதா?" என்று கேட்டுவிட்டுச் சம்மதித்தார்.

ஒரு சிக்கல் வந்தது. கண்காட்சிக்கு வாங்கிய சட்டங்கள் எல்லாம் ஒரே அளவு. இந்தப் படமோ அகலம். ஃபிரேம் கடைக்காரர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வலது ஓரத்தில் விரலை வைத்தார். "இந்தப் பெரியம்மாவ மட்டும் எடுத்துட்டா கரெக்டா குந்திக்கும்" என்றார்.

ஃப்ளோரா அந்த விரலைப் பார்த்தாள். சின்னம்மா சம்பந்தியின் கையைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்தாள்.

"பெருசா வேற சட்டம் போடு" என்றாள்.

ஜூன் மாதம் மாடி ஹாலில் இருபத்து மூன்று படங்கள் மாட்டினார்கள். இருபத்திரண்டு ஒரே அளவில் இருந்தன. ஒன்று மட்டும் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நின்றதால், பக்கத்துப் படங்களை நகர்த்தி மாட்டும்படி ஆயிற்று. கீழே செல்வி தன் கையெழுத்தில் எழுதி ஒட்டியிருந்தாள்: "ராமசெல்வி, ஃப்ளோரா. பத்தொன்பது வருஷம். கூட நிற்பது எங்கள் குடும்பம்." ஹெப்சிபா அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

"நாப்பத்தஞ்சுல இப்டித்தான் இருப்போமாக்கா?"

"இன்னாடி, நல்லாத்தான கீறோம்?"

"கொஞ்சம் குண்டா கீறீங்க" என்று சொல்லிவிட்டு ஹெப்சிபா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிலோமினா சின்னம்மாவும் வந்திருந்தார். மற்ற படங்களை ஏறிட்டும் பார்க்காமல் நேராகப் பெரிய சட்டத்துக்கு முன்னால் போனார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வலது ஓரத்தில் தேடினார். அங்கே இருந்தார். முழுசாக, செருப்போடு, கையில் பிடித்த கையோடு.

"என்னிய வெட்டலியாடி?" என்றார்.

"யாரையும் வெட்டல சின்னம்மா" என்றாள் ஃப்ளோரா.